கொட்டிலும் காடும் வீடும்: குடற்புழுக்கள் குறித்து நாம் அறிய வேண்டியவை

ஆடு, மாடு, நாய், கோழி ஆகியவற்றுடன் ஒரே முற்றத்தில் வாழ்வது திருநாவலூர் வட்டாரத்து மக்களுக்குப் புதியதன்று. கெடிலக்கரை வயல்களில் ஆட்டுக்கிடை போடுவோர், வீட்டை ஒட்டிக் கறவை மாடு வைத்திருப்போர், கல்வராயன் மலை ஊர்களிலிருந்து காட்டோரம் கால்நடை மேய்த்து வாழ்வோர் எனப் பலரும் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருகின்றனர். அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஆட்டுக்குப் புழு விழுகிறது, பிள்ளைக்கும் வயிறு வலிக்கிறது. அதனிடமிருந்துதான் இவனுக்கு வந்ததா?”

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. விலங்குகளின் குடலில் வாழும் புழுக்களில் பெரும்பாலானவை மனிதரிடம் வருவதில்லை. சில வருகின்றன, அவற்றுள்ளும் சில கண்ணையும் ஈரலையும் மூளையையும் தாக்குகின்றன. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒவ்வொரு புழுவுக்கும் ஓர் இருப்பிடம்

குடற்புழு எந்த உடலிலும் வாழக்கூடியதன்று. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில உயிர்களின் குடலுக்கு மட்டுமே பழகியது. ஆட்டின் இரைப்பையில் வாழும் ஹீமாங்கஸ் என்னும் புழுவை எடுத்துக்கொள்வோம். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மி.லி. இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் ஆடு நாளொன்றுக்கு 50 மி.லி. இரத்தத்தை இழக்கும். கண்ணின் உட்புறம் வெளுப்பதும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குவதும் இதனால்தான் என்பதை ஆடு வளர்ப்போர் நன்கறிவர். ஆனால் இப்புழு மனிதரிடம் தங்கி வாழ்வதில்லை. மாட்டின் முன்வயிற்றில் இருக்கும் தட்டைப்புழுக்களும் அவ்வாறே. ஆட்டுப் புழுக்கையை அள்ளியதாலோ வாசலில் சாணம் தெளித்ததாலோ ஆட்டுப் புழு உங்கள் குடலில் குடியேறிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் சாணத்தில் வேறு கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

வெல்லமும் மிட்டாயும் தின்றால் வயிற்றில் பூச்சி உண்டாகும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. இனிப்பிலிருந்து புழு பிறப்பதில்லை. புழுவின் முட்டையோ இளம்புழுவோ வெளியிலிருந்து வாய் வழியாகவோ தோல் வழியாகவோ உடலுக்குள் புகுந்தால் மட்டுமே நோய் வரும். கழுவாத கையால் மிட்டாயைத் தின்ற பிள்ளைக்குப் புழு வந்திருந்தால், அதற்குக் காரணம் கையில் ஒட்டியிருந்த மண்ணே ஆகும்.

கொக்கிப்புழு: மண்ணிலிருந்து காலுக்கு

நம் பகுதி உழைப்பாளிகளுக்கு மிகுந்த கேடு விளைவிப்பது கொக்கிப்புழு. நோயுற்றவர் திறந்த வெளியில் மலம் கழிக்கும்போது அதிலுள்ள முட்டைகள் ஈர மண்ணில் பொரிந்து, 5 முதல் 10 நாட்களில் தோலைத் துளைக்கும் வலிமை பெற்ற இளம்புழுக்களாகின்றன. வெறுங்காலுடன் அந்த மண்ணை மிதிப்பவரின் தோல் வழியே நுழைந்து, இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கின்றன. அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கால்களில் தோன்றிய அரிப்புப் புண்ணுக்கும் இப்புழுவுக்கும் உள்ள தொடர்பை பென்ட்லி என்னும் மருத்துவர் 1902-இல் எடுத்துக்காட்டினார்.

நெக்கேட்டர் என்னும் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.03 மி.லி. இரத்தத்தை உறிஞ்சும். இது மிகச் சிறிய அளவாகத் தோன்றலாம். நூறு புழுக்கள் இருந்தால் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 90 மி.லி. இரத்தம் வீணாகிறது. மாதவிடாயிலும் மகப்பேற்றிலும் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு இது கூடுதல் சுமை. களைப்பு, மூச்சிரைப்பு, நகமும் நாக்கும் வெளுத்தல் ஆகியவற்றை வேலைப்பளு என்று எண்ணிப் பல ஆண்டுகள் தள்ளிப் போடுபவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டும் இரத்தம் ஏறவில்லையெனில், மலப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

இங்கே விலங்குகளுக்கு என்ன பங்கு? கல்வராயன் மலையைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது ஜவ்வாது மலை. அங்குள்ள பழங்குடி மக்கள், நாய்கள், மண் ஆகிய மூன்றிலும் எந்தெந்தக் கொக்கிப்புழுக்கள் உள்ளன என்பதை மரபணுச் சோதனை மூலம் ஆராய்ந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். மனிதரிடம் மேலோங்கி இருந்தது மனிதருக்கே உரிய நெக்கேட்டர் புழு. நாய்களிடமும் மண்ணிலும் மிகுதியாக இருந்தது நாய்க் கொக்கிப்புழு. ஆனால் மனிதர் சிலரின் மலத்திலும் நாய்க் கொக்கிப்புழுவின் மரபணு தென்பட்டது. அப்புழு அவர்கள் குடலில் வாழ்ந்ததா, மண்ணோடு விழுங்கப்பட்டு வெளியேறியதா என்பதை இச்சோதனை மட்டும் கொண்டு பிரித்தறிய முடியாது. எனினும் நாயின் மலம் கலந்த மண் மனிதரின் வாய்வரை வந்திருக்கக்கூடும் என்பதே இதன் எச்சரிக்கை.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, கொக்கிப்புழு நோயின் பெரும்பகுதி மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது. ஆகவே கழிப்பறையும் காலணியுமே முதல் மருந்து. இரண்டாவது, நாய்களை விட்டுவிட்டு மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் வேலை முழுமை பெறாது.

காட்டுக்கும் வீட்டுக்கும் இடையே

ஆன்சிலோஸ்டோமா செய்லானிக்கம் என்னும் கொக்கிப்புழுவின் பெயரிலேயே இலங்கை இருக்கிறது. ஆர்தர் லூஸ் என்னும் அறிஞர் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலிலிருந்து கிடைத்த புழுவைக் கொண்டு 1911-இல் இதனை விவரித்தார். இன்று இது ஆசியாவின் பல நாடுகளில் நாய், பூனை ஆகியவற்றிடம் காணப்படுகிறது. மனிதரின் குடலிலும் முழுவளர்ச்சி அடைந்து இரத்தம் உறிஞ்சுகிறது. காட்டு விலங்கு, வீட்டு விலங்கு, மனிதர் ஆகிய மூவரையும் இணைக்கும் புழு இது.

மலையடிவார ஊர்களில் காடும் குடியிருப்பும் தனித்தனியே இருப்பதில்லை. நரி இரவில் ஊர்ப்புறம் வருகிறது. வீட்டு நாய் பகலில் காட்டுக்குள் செல்கிறது. காட்டுப்பன்றி மரவள்ளிக் கொல்லையில் இறங்குகிறது. இவை விட்டுச் செல்லும் மலத்தை மழைநீர் ஓடைக்கும் கிணற்றுக்கும் கொண்டு சேர்க்கிறது. இதற்காகக் காட்டு விலங்குகளைக் குறை கூறுவதில் பயனில்லை. பல வேளைகளில் நம் நாய்களின் நோய்தான் அவற்றுக்குச் செல்கிறது. நாய்களை அவிழ்த்துக் காட்டுக்குள் விடாதிருப்பது இரு தரப்புக்கும் நன்மை. காட்டு விலங்குகளை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுப்பன்றியின் அரைவேக்காட்டு இறைச்சி தசையில் தங்கும் புழுநோயையும் தரக்கூடும்.

நாயும் திருவிழாவும் ஈரல் கட்டியும்

எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு நாயின் குடலில் வாழ்வது. சில மில்லிமீட்டர் நீளமே உடையது. நாய்க்கு இதனால் துன்பம் ஏதும் வெளியே தெரியாது. ஆனால் அதன் மலத்தோடு வெளிவரும் முட்டைகளைப் புல்லோடு தின்னும் ஆடுமாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் வளரும். அந்த ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் மீண்டும் புழு வளரும். இந்தச் சுழற்சியின் நடுவே மனிதர் முட்டையை விழுங்கிவிட்டால், ஆட்டுக்கு வருவது போன்ற கட்டி மனிதருக்கும் வரும்.

இக்கட்டி பல ஆண்டுகள் வலியின்றி வளரக்கூடியது. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தெரியவருவதும் உண்டு. கட்டி உடைந்தால் உள்ளிருக்கும் நீர் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வயிற்றில் கட்டி இருப்பவர்கள் அதை அழுத்தித் தேய்ப்பதும் வைத்தியம் என்று ஊசி குத்தச் செய்வதும் கூடாது.

இதைத் தடுக்கும் வழி எளியது. கோயில் கொடையிலும் ஆடிமாதப் படையலிலும் கிடா வெட்டும்போது, கழிக்கப்படும் ஈரல், நுரையீரல், குடல் ஆகியவற்றைச் சுற்றி நிற்கும் நாய்களுக்கு வீசுவது வழக்கம். கட்டி உள்ள உறுப்பு என்றால் அதைத்தான் முதலில் வீசுவோம். அந்தப் பழக்கம் ஒன்றை நிறுத்தினால் சுழற்சி அறுபடும். கழிவு உறுப்புகளை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். நாய்க்குக் கொடுப்பதாயின் நன்கு வேகவைத்துக் கொடுங்கள்.

நாய்க்குட்டிகளிடம் டாக்சோகாரா என்னும் உருண்டைப்புழு மிகுதி. தாயின் வயிற்றில் இருக்கும்போதே இது குட்டிக்குச் சென்றுவிடும். இதன் முட்டையை விழுங்கும் குழந்தையின் ஈரலிலும், சில வேளைகளில் கண்ணிலும், இளம்புழு அலைந்து திரிந்து பார்வையைக் கெடுக்கக்கூடும். குட்டியின் மலத்தில் புதிதாக வரும் முட்டை உடனே நோய் தராது. மண்ணில் ஏறத்தாழ இரண்டு வாரம் கிடந்த பின்னரே தரும். எனவே அன்றன்றே மலத்தை அகற்றினால் பெரும் பாதுகாப்பு. ஆனால் எக்கினோகாக்கஸ் முட்டை வெளிவந்த உடனேயே நோய் தர வல்லது என்பதால், அகற்றுபவர் கையுறையோ நெகிழிப் பையோ பயன்படுத்திப் பின் கை கழுவ வேண்டும். குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே புழுநீக்க மருந்து தொடங்கலாம். அளவையும் இடைவெளியையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டறியுங்கள்.

பன்றி நாடாப்புழுவும் வலிப்பும்

“நாங்கள் பன்றி இறைச்சி உண்பதே இல்லை, பின் எப்படி மூளையில் புழு வரும்?” என்று வலிப்பு நோயாளியின் குடும்பத்தார் வியப்புடன் கேட்பதுண்டு. இதற்கான விளக்கத்தைக் கவனமாகப் படியுங்கள்.

பன்றியின் தசையில் இருக்கும் புழுக்கட்டியைச் சரியாக வேகாத இறைச்சியோடு உண்பவருக்குக் குடலில் நீண்ட நாடாப்புழு வளரும். அது குடலில் மட்டுமே இருக்கும். அவருடைய மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளிவரும். மலம் கழித்தபின் அவர் கையைச் சரியாகக் கழுவாமல் சமைத்தாலோ, அவர் மலம் கலந்த மண் கீரையிலும் குடிநீரிலும் சேர்ந்தாலோ, அந்த முட்டைகள் பிறர் வாயை அடையும். முட்டையை விழுங்கியவருக்கே மூளையில் கட்டி வருகிறது. ஆகவே இறைச்சியைத் தொடாத சைவ உணவினருக்கும் இந்நோய் வரலாம். பரப்புவது பன்றி அன்று. நாடாப்புழு உள்ள மனிதரே.

வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மக்களிடையே நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், 1,000 பேருக்கு ஏறத்தாழ 4 பேர் வலிப்பு நோயுடன் இருந்தனர். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுக்கட்டியே காரணமாக இருந்தது. பேயென்றும் சாபமென்றும் ஒதுக்கப்படும் வலிப்பு, பல வேளைகளில் மருந்தால் கட்டுப்படும் நோய் என்பதை இது காட்டுகிறது. முதன்முறை வலிப்பு வந்த எவரும் மூளை ஸ்கேன் குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். வலிப்பு வரும்போது கையில் இரும்பைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

கன்றும் குடிநீரும்

எல்லா ஒட்டுண்ணிகளும் புழுக்கள் அல்ல. பிறந்து சில வாரங்களே ஆன கன்றுகளுக்குக் கழிச்சல் தரும் கிரிப்டோஸ்போரிடியம் கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர். இதன் சில வகைகள் மனிதரையும் தாக்கும். குளோரின் கலந்த நீரிலும் இது பிழைத்திருக்கும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்நீர் வழியே பரவி, ஏறத்தாழ 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் ஆழ்த்தியது இதுவே. நீரைக் கொதிக்க வைத்தால் இது அழிந்துவிடும். கழிச்சல் கண்ட கன்றைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டும்?

ஸ்டீராய்டு மருந்தை நீண்டநாள் உட்கொள்வோர், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றோர், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்வோர், எச்.ஐ.வி. உள்ளோர் ஆகியோரை இங்கு தனியே குறிப்பிடுகிறோம். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் நுண்புழு மண்ணிலிருந்து தோல்வழி நுழைந்து, குடலிலேயே மீண்டும் மீண்டும் பெருகி, அறிகுறி ஏதுமின்றிப் பல பத்தாண்டுகள் தங்கவல்லது. உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போது அது திடீரெனப் பெருகி நுரையீரல், மூளை எனப் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். வயல்வேலை செய்தவர், வெறுங்காலுடன் நடந்து பழகியவர் ஆகியோர் ஸ்டீராய்டு தொடங்குமுன் அதனை மருத்துவரிடம் கூறுங்கள். இந்த ஒரு வாக்கியம் உயிர் காக்கலாம்.

கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதங்களில் தாமாகப் புழுமாத்திரை உட்கொள்ளக் கூடாது. அதன்பின் தேவை இருப்பின் மருத்துவரே தருவார்.

பரிசோதனையும் மருந்தும்

மலப் பரிசோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த, மூடியுள்ள கிண்ணத்தில் சிறுநீர் கலவாமல் மாதிரி எடுத்து விரைவில் கொண்டு வாருங்கள். முந்தைய நாள் எடுத்து வைத்த மாதிரியில் கொக்கிப்புழு முட்டைகள் பொரிந்துவிடும், கண்டறிவது கடினம். ஒருமுறை முட்டை தென்படவில்லை என்பதால் புழு இல்லை என்று பொருளன்று. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கேட்கப்படுவது அதனால்தான்.

2015 முதல் நாடெங்கும் தேசிய குடற்புழு நீக்க நாள் நடத்தப்படுகிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 200 மி.கி., அதற்கு மேற்பட்டோர்க்கு 400 மி.கி. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் நீங்கலாக, இது கிடைக்கிறது. தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒற்றை மாத்திரை ஈரல் கட்டியையோ மூளைக் கட்டியையோ குணப்படுத்தாது. மூளையில் கட்டி உள்ளவர் தாமாகப் புழுமருந்து உட்கொண்டால் கட்டியைச் சுற்றி வீக்கம் கூடி வலிப்பு மிகலாம். இதற்குப் பிற மருந்துகளும் சேர்த்து, மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் சிகிச்சை தரப்படும்.

அல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் முதலில் கால்நடைகளுக்குப் பயன்பட்டுப் பின்னரே மனிதருக்கு வந்தவை. மருந்து ஒன்றுதானே என்று ஆட்டுக்கு வாங்கிய புட்டியிலிருந்து பிள்ளைக்கு ஊற்றுவது பேராபத்து. அதன் செறிவும் அளவும் விலங்கின் எடைக்கு ஏற்றவை.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. அனைவரும், குழந்தைகள் உட்பட, கழிப்பறையைப் பயன்படுத்துக. குழந்தையின் மலத்தையும் கழிப்பறையிலேயே இடுக.
2. வயலிலும் கொட்டிலிலும் காலணி அணிக. மண்வேலைக்குப் பின்னும், உண்ணுமுன்னும், சமைக்குமுன்னும் சோப்பிட்டுக் கை கழுவுக.
3. கீரையையும் பச்சையாக உண்ணும் காய்களையும் ஓடும் நீரில் பலமுறை கழுவுக. இறைச்சியைச் சிவப்பு நிறம் முற்றும் மாறும்வரை வேகவைக்க.
4. நாய்க்குப் பச்சை ஈரலோ குடலோ தராதீர். நாய்க்கும் ஆடுமாடுகளுக்கும் கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் புழுநீக்கம் செய்க.
5. குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துப் பருகுக.

காரணமற்ற களைப்பு, நகம் வெளுத்தல், மலத்தில் நாடாத்துண்டு, வயிற்றில் கட்டி, முதல் வலிப்பு, ஒரு கண்ணில் பார்வை மங்கல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் வாருங்கள். வரும்போது உங்கள் வீட்டில் என்னென்ன விலங்குகள் உள்ளன என்பதையும் சொல்லுங்கள். மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். நோயைக் கண்டறிய அது எங்களுக்குப் பெரிதும் துணை செய்யும்.